தன்னலம் பற்றி இருபது நிமிடம்

"அஞ்சு நிமிஷமா? 'தன்னலம்'ங்கிற சொல்லுக்கு அர்த்தம் சொல்லவே பத்தாதே!" என்று துள்ளினார் தபால் குமாஸ்தா சேதுபதி.

காஜா பேராங் ஊர்ப் படிப்பகத்தில் மெர்டேக்கா எனும் சுதந்திர நாள் வாரச் சொற்பொழிவு. தலைப்பு, 'இலக்கியத்தில் தன்னலம்'. பேச்சாளர்கள் மூவர்; தலைவரோடு சேர்த்து ஆளுக்கு ஐந்து நிமிடம். சேதுபதி கடைசி. "மாப்பிள்ளை வாயில்லாப் பூச்சி" என்று பத்து வருஷமாகச் சொல்லித் திரியும் மாமனார் ராஜரத்தினம், பக்கத்து ஊரான செங்கிலிருந்து கேட்க வருகிறார். அந்த மனிதர் வாயாலேயே பாராட்டு வாங்காமல் விடுவதில்லை என்று சேதுபதி கங்கணம் கட்டிக்கொண்டார்.

முதல் வேலையாக, படிப்பகத்தின் ஒரே அகராதியையும் இலக்கிய நூல்களையும் வீட்டுக்குத் தூக்கி வந்தார். மற்றவர்கள் எதை வைத்துப் பேசுவார்கள், பார்ப்போமே!

மறுநாளே முதல் பேச்சாளர் தியாகு வந்தார்.

"புத்தகம் இல்லாம என்னத்தப் பேசறது? என் நேரத்தையும் நீங்களே எடுத்துக்குங்கண்ணே."

சேதுபதிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் கைவசம் இருந்த சரக்கு ஐந்து நிமிடத்துக்குத்தான். குறிப்புக் கேட்டு அடுத்த பேச்சாளர் ஜெயபாலனிடம் ஓடினார்.

"குறிப்பையும் வச்சுக்குங்க, என் நேரத்தையும் வச்சுக்குங்க" என்றார் அவர்.

படிப்பகத் தலைவர் நடராஜனிடம் முறையிடப் போனால், தலைமையுரையும் தலையில் விழுந்தது. ஆக இருபது நிமிடம். ஐயோ பாவம், கோழிக்கூண்டுக்கு முன்னால் நின்று பேசிப் பழகிக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது.

"அடுத்தவங்க நேரத்தையெல்லாம் பிடுங்கிட்டு, தன்னலம் கூடாதுன்னா பேசப் போறீங்க?" என்று கேட்டாள் மனைவி கமலவேணி.

"சும்மா இருடி! பழைய இலக்கியத்துல தன்னலக்காரனை யாரும் சீந்தறதில்ல. அதைத் துறந்தவனைத்தான் பாடுவாங்க. உங்கப்பா இதைக் கேட்டுட்டு என்னைப் பாடணும்!"

சனிக்கிழமை மாலை. வெள்ளை வேட்டி சரசரக்கப் படிப்பகத்துக்குள் நுழைந்தார் சேதுபதி. நாற்காலிகள் மட்டும் இருந்தன. கூட்டிக்கொண்டிருந்த பொன்னம்மா நிமிர்ந்தாள்.

"எங்கம்மா ஒருத்தரையும் காணோம்?"

"பாடாங் திடல்ல இன்னிக்கு ஓசித் தமிழ்ப்படம்லா! பேச ஒத்துக்கிட்டோமேன்னு தவிச்ச மத்தப் பேச்சாளருங்கதான் முதல்ல ஓடுனாங்க."

"என் மாமனார்?"

"அவரும்தான். போறப்ப என்கிட்ட சொல்லிச் சொல்லிப் பூரிச்சாரு: 'நாங்கள்லாம் படம் பாக்கணும்னு மொத்தப் பேச்சையும் தன் தலையில போட்டுக்கிட்டான், என் மாப்பிள்ளைகிட்ட தன்னலம் மருந்துக்கும் கிடையாது!'"