நான் போகாத இடத்துக்கு என் முடி போன விதம்

பல்லடம் பக்கம்,
தை மாதம், 2008

சென்னையில் இருக்கும் மாப்பிள்ளை பூபாலன் அவர்களுக்கும் மகள் மயிலாளுக்கும் மாமன் சின்னான் கைகூப்பி எழுதச் சொன்னது. இங்கே எல்லாரும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறோம், எருமைக்கும் சுகம். அங்கேயும் ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உங்கள் கொழுந்தியாள் சித்ரகலா. பேச்சு வழி மாறினால் என் குற்றம், எழுத்து மாறினால் அவள் குற்றம்.

நிற்க. நீங்கள் போலீஸ்காரர்கள் அனுப்புகிற முடி, ரத்தம் எல்லாம் பரிசோதிக்கிற ஆபீசில் அட்டெண்டராக இருப்பதால் ஒன்று கேட்கிறேன். ஓர் ஆளுடைய முடி, அந்த ஆள் போகாத இடத்துக்குப் போகுமா? இன்னும் நாலு நாளில் இதைக் காட்டித்தான் கோர்ட்டில் என்னை உள்ளே தள்ளப் போகிறார்கள். உள்ளே போனதும் முதல் வேலையாகத் தலையை ஒட்ட வெட்டிவிடுவார்களாம். என் தலையில் இருப்பது என் முடி இல்லை, பழனி முருகனுடையது என்று உங்களுக்கே தெரியும். சித்ரகலாவுக்கு ஏழு வருஷமாகக் குழந்தை இல்லாமல், பிறந்தால் அதன் முதல் மொட்டையோடு என் முடியையும் ஒன்று குறையாமல் கொடுக்கிறேன் என்று நேர்ந்து இரண்டு வருஷம் கத்தி படாமல் வளர்த்தது. பிறந்து, தவழ்ந்து, இப்போது என் முடியைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கிறான். தைப்பூசத்துக்கு இன்னும் ஆறு நாள். கோர்ட்டு நாலு நாள்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆவணியில், நான் வேலை பார்க்கிற பனியன் வேஸ்ட் குடோனுக்குப் பக்கத்துக் கம்பெனியில் பனியன் ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்று காணாமல் போனது. மெஷின் என்றால் சும்மா இல்லை, இரண்டு ஆள் தூக்குகிற கனம். எனக்கு இடுப்புப் பிடிப்பு வந்து தண்ணீர்க் குடத்தையே உங்கள் அத்தை மருதாள்தான் தூக்குகிறாள். அது கிடக்கட்டும். புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் எங்கேயோ பயிற்சிக்குப் போய்க் கையுறை, இடுக்கி, சின்னச் சின்னக் கவர் எல்லாம் கொண்டு வந்திருந்தார். மெஷின் இருந்த மேஜையில், எண்ணெய்க் கறையில் ஒட்டியிருந்த ஒரு முடியை எடுத்தார். தாலிக்கொடியை எடுப்பதுபோல அத்தனை பதனம். பார்க்க நாங்கள் நாற்பது பேர் வாசலில் நின்றோம்.

“இந்தத் தெருவுல நீளமுடி யாருக்குய்யா இருக்கு?” என்றார்.

“எனக்குத்தானுங்க சாமி” என்று நானே முன்னால் போய்ச் சொன்னேன். ஒரு விஷயம் தெரிந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு வராது. அந்தக் கவரையும் எட்டிப் பார்த்துவிட்டு, “இது நாலு விரக்கடைதானுங்க இருக்குது, என்னுது தோளுக்கு வருதுங்களே” என்றேன்.

“மிச்சம் அந்து போயிருக்கும்.”

“எங்கீங்க சாமி அந்துது?”

“அதை நீதான்யா சொல்லணும். ஏறு ஜீப்புல.”

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சட்டமே வந்துவிட்டதாம், பிடித்த ஆளிடம் டாக்டரை வைத்து எடுத்துக்கொள்ளலாமாம். வேரோடு பன்னிரண்டு முடி வேண்டும் என்றார்கள். “ஏனுங்க, ரத்தம் எடுத்துக்குங்க, எச்சில் எடுத்துக்குங்க, நகம் வேணும்னாலும் தாரேன். முடி மட்டும் சாமிக்கு நேந்ததுங்க” என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். இன்ஸ்பெக்டர், “கிடைச்சது முடி, அதனால முடிதான்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். டாக்டர் பஸ் கவிழ்ந்து வந்தவர்களைப் பார்க்க ஓடிவிட்டார். என் கூட நின்றது ஏட்டு காசிமாயன் ஒருத்தர்தான். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், தங்கமான மனுஷன், ஆஸ்பத்திரிக்குள்ளேயும் தொப்பியைக் கழற்றமாட்டார்.

“பெருசு, கண்ணை மூடி முருகனை நெனைச்சுக்கங்க. நான் பார்த்துக்கிடுறேன்” என்றார். மூடினேன். “அரோகரா” என்று பன்னிரண்டு தடவை சொல்லிக் கண்ணைத் திறந்தால் கவரை ஒட்டி முடித்திருந்தார். கொஞ்சம்கூட வலிக்கவில்லை மாப்பிள்ளை. என்ன கை அது! நம் ஊர் நாவிதர் நாற்பது வருஷத் தொழில்காரர், அவர் காதோரம் வந்தாலே எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும்.

பிறகு எங்கள் குடோன் முதலாளி ஜாமீன் கொடுத்து வெளியே வந்தேன். நேற்று உங்கள் ஆபீசிலிருந்து பதில் வந்திருக்கிறது, மேஜையில் இருந்த முடியும் கவரில் இருந்த முடியும் ஒரே ஆளுடையதுதான் என்று! இன்ஸ்பெக்டர் எனக்கே லட்டு கொடுத்தார். நானும் தின்றுவிட்டேன், ஆனால் மனசு கேட்கவில்லை. அந்தக் கம்பெனி வாசற்படியைக்கூட நான் மிதித்ததில்லை. ராத்திரியெல்லாம் யோசித்தேன். காக்காய் கூடு கட்டத் தூக்கிப் போயிருக்குமா? வேஸ்ட் மூட்டையில் ஒட்டிக்கொண்டு போயிருக்குமா? மருதாளைக் கேட்டால், “உங்க வாயி போகாத எடமே இல்ல, மசுரு போனா என்ன?” என்கிறாள். நான் விளக்கெண்ணெய் தேய்க்கிறேன், அந்த மெஷினுக்கும் எண்ணெய் விடுகிறார்கள், அதில் குழம்பியிருப்பார்களோ என்றும் ஒரு சந்தேகம். அந்த முடிக்குள் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது, அதை எந்தக் கண்ணாடி போட்டுப் படிக்கிறார்கள் என்பதையும் எழுதவும். கோர்ட்டுக்காக இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

உங்களால் முடிந்தால் பெரிய ஆபீசரிடம் சொல்லி மறுபடி ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் அந்தப் பன்னிரண்டு முடியையாவது கேட்டு வாங்கி அனுப்புங்கள். மீதியை ஜெயிலுக்குப் போகுமுன் மருதாள் கையால் மழித்து, எல்லாவற்றையும் ஒரே மஞ்சள் துணியில் முடிந்து மலைக்கு அனுப்பிவிடுகிறேன். குழந்தைக்காக நேர்ந்தது, எண்ணிக்கை குறைந்து அவனுக்கு ஒரு தலைவலி வந்தாலும் என்னால் தாங்க முடியாது.

மயிலாளை வெயிலில் அலையாமல் இருக்கச் சொல்லவும். நீங்கள் இரண்டு பேரும் ஆலாகத் தழைத்து இருக்க வேண்டும். சம்பந்திமாருக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
மாமன் சின்னான் (கைரேகை)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும்போது ஏட்டு காசிமாயன் ஊட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். தலையில் ஏழெட்டு விரக்கடை முடி, ஆவணியில் நாலு விரக்கடைதான் இருந்ததாம். அவரும் பழனிக்கு நேர்ந்து, தொப்பிக்குள் மறைத்து வளர்த்திருக்கிறார். “அடுத்தவுக நேத்திக்கடன்ல கை வைக்க மனசு வரல பெருசு. உங்களுக்குப் பதிலா என் முடியைப் பிடுங்கிக் கவர்ல போட்டேன். என் முருகன்ட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுவேன்னு நெனைச்சேன்” என்றார். மேஜையில் இருந்ததும் அவருடையதுதான். முதல் ஆளாகப் போய்க் குனிந்து தேடினபோது தொப்பியைக் கழற்றி வேர்வை துடைத்தாராம். இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார். அவருக்கு மெமோ, எனக்குக் கோர்ட்டு இல்லை என்று இன்ஸ்பெக்டரே சொல்லிவிட்டாராம். ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள், என் தலையில் ஒன்றும் குறையவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டையும் மேஜையில் எடுத்த ஒன்றையும் சேர்த்துப் பதின்மூன்றாக அவசரம் அனுப்பவும். தைப்பூசத்துக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போகிறோம். விலாசம்: காசிமாயன், மேற்படி சின்னான் வீடு.