பயறுதின்னி என்று கூப்பிட ஆளில்லை

அன்புள்ள ஸுங்காலோ அத்தானுக்கு,

ஸானாபுகு பள்ளித் தலைமையாசிரியன் பக்காரி ஜாரா எழுதுவது. நீங்கள் நலமா, அக்கா நலமா, பிள்ளைகள் நலமா, ஆடுமாடு நலமா, அக்கம்பக்கத்தார் நலமா? இங்கே அமைதியைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அடுத்த வரி எழுதுவது வழக்கம். இந்த முறை எழுதக் கை வரவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் கணக்கு டீச்சரை ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போகப்போகிறது.

நார்வேயிலிருந்து சம்பளமில்லாமல் பாடம் நடத்த வந்தாளே இங்ரித், என் வீட்டில் தங்குவதால் சாலி ஜாரா என்று எங்கள் குலப்பெயரையே வைத்தோமே, அவள்தான். மூன்று வருடம் கணக்கு வாத்தியார் இல்லாமல் ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் குப்புற விழுந்த பள்ளி இது. இப்போதுதான் முப்பத்தொரு பிள்ளைகள் பின்னத்தைக் கண்டு நடுங்காமல் இருக்கிறார்கள். தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது.

எல்லாம் கொத்தனார் சியாக்கா த்ராவோரேயால் வந்த வினை. த்ராவோரேக்கும் ஜாராவுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலிமுறை. ஒருவரை ஒருவர் பயறுதின்னி, அடிமை என்று திட்டியே ஆகவேண்டும், கோபப்படக் கூடாது. அவன் தினமும் காலையில் என் வாசலில் நின்று, "டேய் பயறுதின்னி! எஜமான் வந்திருக்கேன், எந்திரிச்சு வாடா அடிமை! நேத்து தின்ன பயறு இன்னும் செரிக்கலையா?" என்று கூவுவான். நானும், "உன் தாத்தனையே எங்க தாத்தன் ஒரு கூடை பயறுக்குத்தான்டா வாங்கினாரு!" என்பேன். பிறகு சேர்ந்து தேநீர் குடிப்போம். டீச்சர் நம் மொழியைக் கற்றுக்கொள்கிறாளே என்று பூரித்துப்போயிருந்தேன். அவளோ நாற்பது நாளாக இதையெல்லாம் நோட்டில் தேதி போட்டு எழுதி, தலைமையாசிரியரை ஒருவன் அடிமையாக வைத்திருக்கிறான், இந்த ஊரில் இருக்க மனம் ஒப்பவில்லை என்று அவளை அனுப்பிய சங்கத்துக்குக் கடிதம் போட்டுவிட்டாள். "ஐயோ, அது வெளையாட்டும்மா" என்று சிரித்தேன். "பயப்படாதீங்க சார், சிரிச்சு மறைக்க வேண்டாம்" என்றாள். சிரிப்பை நிறுத்தினேன். "பாத்தீங்களா, இப்பத்தான் உண்மை வெளிய வருது" என்றாள்.

சரி, மரியாதையாகப் பேசு என்று சியாக்காவிடம் சொன்னேன். அதுதான் நான் செய்த புத்திகெட்ட வேலை. மறுநாள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, "தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வணக்கம். தங்கள் உடம்பு சௌக்கியமா?" என்றான். தெருவே உறைந்துபோயிற்று. கம்பு இடித்துக்கொண்டிருந்த பெண்கள் உலக்கையைக் கீழே வைத்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் எங்களுக்குள் தீராப் பகை, வெட்டுக்குத்தில்தான் முடியும் என்று ஊரெல்லாம் பேச்சு. ஊர்த்தலைவர் சமாதானத்துக்குக் கோலாக் கொட்டை அனுப்பிவிட்டார். சியாக்கா அவமானத்தில் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. அவன் கட்டிக்கொண்டிருந்த வகுப்பறைச் சுவர் பாதியில் நிற்கிறது. என்னைத் திட்ட ஆளில்லாமல் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை அத்தான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

நீங்கள் நகரத்தில் நாலு பேரோடு பழகியவர். வியாழனுக்குள் வந்து அவளுக்குப் புரியவைத்து இங்கேயே இருக்கச் செய்யுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். கடவுள் உங்கள் வீட்டு நிழலைப் பெரிதாக்கட்டும், நாம் சந்திக்கும்வரை ஒவ்வொரு பகலும் நல்லபடி கழியட்டும்.

உங்கள் மைத்துனன்,
பக்காரி

பின்குறிப்பு: வரவேண்டாம். பஸ் பழுதானதால் இந்தக் கடிதம் இன்னும் என் சட்டைப்பையிலேயே இருக்கிறது, வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. ஜீப்பிலிருந்து இறங்கிய சங்கத்து அதிகாரி முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு என் பெயரைக் கேட்டார். சொன்னேன். "ஜாராவா? அதான் ரோடு வரைக்கும் பயறு வாசனை! எஜமானுக்குத் தண்ணி எங்கடா அடிமை?" என்றார். அவரும் த்ராவோரே! நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டேன். டீச்சர் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், நோட்டைப் புரட்டினாள், காதுவரை சிவந்தாள். வழியனுப்ப வந்த சியாக்கா வேலியோரம் தலைகுனிந்து நின்றான். நேரே அவனிடம் போனாள். ஊர் முழுக்கக் கேட்கும்படி, "டேய் பயறுதின்னி! ஜாரா வீட்டுப் பொண்ணோட பெட்டி தரையில கெடக்கு, தூக்கி வீட்டுக்குள்ள வைடா!" என்றாள். சியாக்கா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். உள்ளே கொண்டுபோய் வைத்த பிறகுதான் அவளைத் திட்டினான்.