இரண்டரை மில்லிமீட்டர் பாக்கி

சைக்கிள் வைத்திருப்பவர்களில் பல ரகம் உண்டு. வேலைக்குப் போக ஓட்டுபவர் உண்டு. தொப்பையைக் கரைக்க ஓட்டுபவர் உண்டு. டாக்டர் சொன்னாரே என்று ஓட்டி, டாக்டர் வீட்டைத் தாண்டியதும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவரும் உண்டு. இவர்களெல்லாம் சாதாரண ரகம். நான் சொல்ல வந்தது வேறு. இந்த ரகத்தைச் சேர்ந்தவர் சைக்கிளைத் துடைப்பார், கழற்றுவார், மாட்டுவார், அளப்பார், அளந்ததை ஒரு நோட்டில் குறிப்பார், குறித்ததைப் படம் எடுத்து நாற்பது பேருக்கு அனுப்புவார், அனுப்பியதற்கு வந்த மறுப்புகளுக்கெல்லாம் வரிவரியாகப் பதில் எழுதுவார். ஓட்டமாட்டாரா? ஓட்டாமல் என்ன, பேஷாக ஓட்டுவார். அளவு மட்டும் சரியாக வந்துவிடட்டும்.

எதன் அளவு என்கிறீர்களா? பெடலை நடு அச்சோடு சேர்க்கிற கை ஒன்று இருக்கிறதல்லவா, ஒரு சாண் நீளம்கூட வராதே, அதற்குக் கிராங்க் என்று பெயர். மலைப்பாதை சைக்கிளுக்கு அது பெரும்பாலும் நூற்று எழுபது மில்லிமீட்டரில் வரும். ஐந்து கூட்டியும் கிடைக்கும், ஐந்து குறைத்தும் கிடைக்கும். கடைக்காரர் மாட்டிக் கொடுத்ததை மிதித்துக்கொண்டு ஜனங்கள் பாட்டுக்கு மலை ஏறி இறங்குகிறார்கள். பாவம், விவரம் தெரியாதவர்கள்.

மாதிரிக்கு ஒருவரைப் பார்ப்போம். வயது ஐம்பது. பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. ஒரு மூடி முடியளவு அகலமாக இருந்தாலும் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கோஷ்டியில் அவருக்கு 'மில்லிமீட்டர்' என்று பெயர். கேலிக்கு வைத்ததுதான். அவரோ பட்டம் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஊரை ஒட்டி ஒரு மலை. மலை உச்சியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன் பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. பாதையில் மூன்றாவது திருப்பம் வந்தால் கல்லும் வேருமாக ஒரு செங்குத்து ஏற்றம் இருக்கிறது. நம்மவர் இரண்டு வருஷமாக அந்தத் திருப்பம் வரைதான் போயிருக்கிறார். அங்கே இறங்குவார், குனிந்து பெடலைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், திரும்பிவிடுவார். முதல் வருஷம் நூற்று எழுபது. பெடல் கல்லில் இடிப்பதாகச் சொன்னார். பிறகு நெம்புவதற்கு நீளம் வேண்டும் என்று யாரோ எழுதியதைப் படித்து நூற்று எழுபத்தைந்துக்கு மாறினார். இப்போது முழங்கால் மடங்கும் கோணம் உதைத்தது. மூச்சு வாங்கியதைப் பற்றி மட்டும் அவர் எங்கும் குறிப்பிட்டதில்லை.

அளப்பதற்கு ஒரு சடங்கு உண்டு. கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கவட்டையில் இடுக்கிக்கொண்டு சுவரோடு சுவராக விறைப்பாக நிற்பார். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரைத் தொடுகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. தரையிலிருந்து அந்தக் கோடு வரை காலின் அளவு. அதை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கினால் கிராங்கின் அளவு. பிள்ளைகள் வளர வளர உயரம் குறித்து வைத்த அதே சுவரில் இப்போது அப்பாவின் கோடுகள் பதினொன்று இருக்கின்றன. ஐம்பது வயதில் அவர் கால் வளர்கிறதா, தேய்கிறதா என்று சுவருக்கே குழப்பம்.

கடைக்காரர் ஒருமுறை, "சார், அஞ்சு மில்லிமீட்டர்ங்கிறது உங்க சாக்ஸ் தடிமன்" என்றார். நம்மவர் பொறுமையாகச் சிரித்தார். இரண்டரை மில்லிமீட்டர் மாறினால்கூடத் தன் முழங்கால் காட்டிக்கொடுத்துவிடும் என்றார். அன்றிலிருந்து கடைக்காரர் அவர் தலையைக் கண்டாலே உள்ளே போய் எதையோ தேட ஆரம்பித்துவிடுவார்.

இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாத விஷயம்தானே என்று கேட்பீர்கள். இல்லாமல்தான் இருந்தது, மனைவிக்கு மாற்றல் உத்தரவு வரும் வரை.

அவர் மனைவி கணக்கு டீச்சர். வேறு ஊரில் தலைமையாசிரியைப் பதவி, பஸ்ஸில் ஏழு மணி நேரம், இரண்டு வருஷத்துக்கு. நாலு வாரத்தில் போய்ச் சேரவேண்டும். டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டார். அந்த மலை மேலிருந்து பார்த்தால் நம் வீட்டு மாடி தெரியும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, போவதற்கு முன்னால் ஒருமுறை உங்களோடு ஏறிப் பார்க்கவேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் சைக்கிளை இரவல் கேட்டு வைத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

நம்மவர் உடனே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு, நூற்று அறுபத்தைந்துக்கு ஆர்டர் போட்டார். முதல் ஞாயிறு, சாமான் வரவில்லை. இரண்டாவது ஞாயிறு, வந்தது, நிறம் வேறாக இருந்ததால் திருப்பி அனுப்பினார். மூன்றாவது ஞாயிறு, மறுபடி வந்தது, ஆனால் கழற்றும் கருவியைக் காணோம். அதற்குள் வீட்டில் பாதி அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது. டீச்சர் கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் நம்மவருக்கு உறைத்தது. உண்மையைச் சொன்னால், மனைவி போவது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத மனிதர் கிராங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

கடைசி ஞாயிற்றுக்கு முந்தின நாள் காலை கருவி அகப்பட்டது. கூடத்தில் பழைய துணியை விரித்துச் சைக்கிளைச் சுவரில் சாய்த்து, சங்கிலி இல்லாத இடது பக்கத்தில் ஆரம்பித்தார். நூற்று எழுபத்தைந்தைக் கழற்றி நூற்று அறுபத்தைந்தை மாட்டி முறுக்கினார். வலது பக்கத்துக்குத் திரும்பும்போது போன் கூப்பிட்டது. கோஷ்டியில் யாரோ ஒருவர், கிராங்க் நீளமெல்லாம் வெட்டிப் பேச்சு, டயரில் காற்று சரியாக இருந்தால் போதும் என்று எழுதியிருந்தார். விடலாமா? மாடிக்குப் போய் இரண்டு மணி நேரம் பதில் எழுதினார். அந்த ஆசாமி கோஷ்டியை விட்டே விலகிய பிறகு திருப்தியாகக் கீழே இறங்கினால், டீச்சர் கருவிகளையும் கிடந்த சாமான்களையும் பெட்டியில் போட்டுத் துணியை மடித்துத் தரையையும் துடைத்திருந்தார். எல்லாம் எடுத்து வைத்தாயிற்று என்றால் வேலை முடிந்தது என்றுதானே அர்த்தம்? நம்மவரும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை இருவரும் கிளம்பினார்கள். முதல் திருப்பத்திலேயே நம்மவர் பரவசமாகிவிட்டார். இதுதான் என் அளவு, இரண்டு வருஷமாக இதைத்தான் முழங்கால் கேட்டுக்கொண்டிருந்தது என்றார். டீச்சர் ம் கொட்டிக்கொண்டே வந்தார். பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. காஸ் தீர்ந்தால் யாருக்குச் சொல்லவேண்டும், எந்தச் சட்டையைத் தனியாகத் துவைக்கவேண்டும், புது ஊரில் டீச்சருக்குக் கொடுத்த வீட்டில் ஜன்னல் சின்னதாமே, என்றெல்லாம். மூன்றாவது திருப்பத்தின் ஏற்றத்தில் அவர் மனைவிக்குப் பக்கத்தில் மிதித்தபடியே, ராத்திரி தனியாக இருக்கப் பயமாக இருக்காதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். தாண்டிய பிறகுதான் தாண்டியதே தெரிந்தது.

உச்சியில் பெஞ்சு காலியாக இருந்தது. கீழே ஊர், ஊருக்கு நடுவே அவர்கள் வீட்டு மாடி, மாடியில் முந்தின நாள் காயப்போட்டு எடுக்க மறந்த இரண்டு துண்டுகள். டீச்சர் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நம்மவர் துண்டுகளிலிருந்து கண்ணை எடுத்து, பார்த்தாயா, நூற்று அறுபத்தைந்தின் மகிமையை, என்று ஆரம்பித்தார்.

டீச்சர் புல்லில் கிடந்த சைக்கிளைப் பார்த்தார். எழுந்து போய் ஒரு பக்கம் குனிந்தார். சைக்கிளைப் புரட்டிப் போட்டு மறுபக்கம் குனிந்தார். கிராங்கின் உள்பக்கம் அளவைப் பொறித்திருப்பார்கள் என்பதை இரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவருக்கும் மனப்பாடம்.

"இடது நூத்தி அறுபத்தஞ்சுங்க. வலது நூத்தி எழுபத்தஞ்சு."

நம்மவர் எழுந்து வந்து தானும் குனிந்து பார்த்தார்.

"சராசரி போட்டா நூத்தி எழுபது" என்றார் டீச்சர். "கடையில முதல்ல மாட்டிக் கொடுத்தது எவ்வளவுங்க?"

சிரித்தது டீச்சர்தான் முதலில். நம்மவரும் சிரித்தார், சிரிக்கச் சிரிக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றார். டீச்சர் அதையும் நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.

ஆள் திருந்தினாரா என்று கேட்காதீர்கள். இந்த ரகம் திருந்துவதில்லை. திங்கட்கிழமை பஸ்ஸுக்குப் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு, பின்சக்கரத்திலிருந்து எத்தனையாவது வரிசையில் குலுக்கல் குறைவு என்று அவர் விளக்கி முடிப்பதற்குள், டீச்சர் கிடைத்த சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை கோஷ்டிக்கு ஒரு நீண்ட கட்டுரை போயிற்று. மனிதனின் இரண்டு கால்களும் ஒரே நீளம் என்பது மூடநம்பிக்கை, இடதுக்கு ஓர் அளவு, வலதுக்கு ஓர் அளவு, சொந்த அனுபவம். வீட்டுச் சுவரில் பன்னிரண்டாவது கோடும் பதின்மூன்றாவது கோடும் விழுந்திருக்கின்றன, காலுக்கு ஒன்றாக.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இந்த ரகத்தில் சேருவதற்குச் சைக்கிள் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. நல்ல ஷூ வந்ததும் நடக்கப் போகிறேன் என்றவர் இதில் உண்டு. மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்தியதும் எழுத உட்காரப் போகிறேன் என்றவர் உண்டு; அவரை எனக்கு மிக நன்றாகத் தெரியும். உங்களை எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கவட்டையில் புத்தகத்தை இடுக்கிச் சுவரில் கோடு போடும் இடம் வந்தபோது, நம் கால் எவ்வளவு இருக்கும் என்று ஒரு நொடி குனிந்து பார்த்தீர்களே, அது எதற்கு? அளக்கும் டேப் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில்தான் இருக்கிறது. பிறகு எடுத்துக்கொள்ளலாம். வாசலில் யாரோ செருப்பை மாட்டிக்கொண்டு உங்களுக்காக நின்றுகொண்டிருக்கிறார்கள், போங்கள்.