தேரன்று காற்று நிறைந்த கதை

விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதையாவது அளந்துவிட்டால் அது தங்களுக்கு அடங்கிவிட்டது என்று நினைப்பார்கள். அந்த வியாதி எனக்கு நன்றாக முற்றியிருந்த காலத்தில்தான், வீட்டுக்கு இணையம் எடுக்கும் பொறுப்பு என் கையில் வந்து சேர்ந்தது. (வந்து சேரவில்லை, நானாகப் பறித்துக்கொண்டேன் என்று மனைவி திருத்துகிறாள். இருக்கட்டும்.)

நாங்கள் இருப்பது நயினாதீவில். பட்டணத்தில் வீட்டுக்கு வீடு நுழைகிற இணையக் கம்பி, கடலைக் கண்டதும் நின்றுவிட்டது. கூரையில் வைக்கிற செய்மதித் தட்டின் விலையை விசாரித்தோம். விசாரித்ததோடு அந்த யோசனையை விட்டுவிட்டோம். மிஞ்சியது சிம் போடுகிற ரவுட்டர்தான். எந்தக் கம்பனியின் சிம்மைப் போடுவது என்பதுதான் கேள்வி.

இணையம் தேவைப்பட்டது எனக்கல்ல, ரஞ்சிக்கு. என் மனைவிக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. கலியாணத்துக்கு முன்பு பட்டணத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். தினமும் படகேறி, அக்கரைத் துறையான குறிகட்டுவானில் பஸ் பிடித்து, காற்றுக் கிளம்பிய நாட்களில் படகில்லாமல் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டு, மகள் பிறந்ததோடு வேலையை விட்டுவிட்டாள். ஆறு வருடம் கழித்து, வீட்டிலிருந்தே வேலை செய்யும் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று கொழும்புக் கம்பனி ஒன்று விளம்பரம் போட்டது. நேர்முகத் தேர்வும் இணையத்தில்தான். “இதுவும் தவறினால் நான் இனி ஒரு இடத்துக்கும் விண்ணப்பம் போடமாட்டன்” என்று ரஞ்சி சொன்னாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஆகவே நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். மூன்று கம்பனிச் சிம், ஒரு எண்பது பக்கக் கொப்பி. காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று வேளையும் கிணற்றடி, குசினி, விறாந்தை, கோழிக்கூட்டடி எல்லா இடமும் நின்று வேகத்தை அளந்து குறித்தேன். வேலிக்கு அப்பால் போனவர்கள் என்னத்தைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார்கள். பதினான்கு நாள் முடிவில், ஊரில் எல்லோரும் வைத்திருக்கிற முதலாம் கம்பனி அமோக வெற்றி. மூன்றாம் கம்பனிக்கு எங்கு நின்றாலும் ஒரேயொரு கோடு. சிவப்பு மையால் ‘தகுதியற்றது’ என்று எழுதினேன். அது ரஞ்சி பட்டணத்தில் வேலை செய்த காலத்துச் சிம். எறிந்துவிடச் சொன்னேன். அவள் எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ரவுட்டர் வந்தது, கூரையில் அன்ரெனா ஏறியது, வேகம் பிய்த்துக்கொண்டு போனது. நான் தலைகால் தெரியாமல் நடந்தேன். பிறகுதான் கொழும்பிலிருந்து நேர்முகத் தேர்வுக்குத் திகதி வந்தது. எங்கள் கோயில் தேர்த்திருவிழா அன்று, காலை பத்து மணி.

“அண்டைக்குத் தேரெல்லே. நான் பட்டணத்திலை அக்கா வீட்டை போயிருந்து செய்யட்டோ?” என்று ரஞ்சி கேட்டாள்.

“இரண்டு கிழமை நான் அளந்தது விசர்வேலையே?” என்றேன். “சனம் வந்தால் வள்ளம் நிறையும், மடம் நிறையும். காத்தும் நிறையுமே?”

இந்த வசனம் எனக்கே மிகவும் பிடித்துப்போய், அடுத்தநாள் ஆசிரியர் அறையிலும் ஒருமுறை சொன்னேன். ரஞ்சி சரி என்றாள். என்னை நம்பினாள். அதை நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

தேரன்று விடியற்காலையிலிருந்தே படகுகள் சனத்தைக் கொண்டுவந்து கொட்டின. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள், அவர்களைக் காட்ட வந்தவர்கள், எல்லோர் கையிலும் தொலைபேசி. தேர் அசைவதற்கு முன்பே கனடாவுக்கும் லண்டனுக்கும் நேரடி ஒளிபரப்புத் தொடங்கிவிட்டது. அவ்வளவு பேரும் வைத்திருந்தது நான் தேர்ந்தெடுத்த அதே முதலாம் கம்பனியின் சிம். மகளை மாமியோடு கோயிலுக்கு அனுப்பிவிட்டு, ரஞ்சி பச்சைச் சேலை கட்டி, அலுமாரி பின்னால் தெரியக் கதிரையில் அமர்ந்தாள்.

பத்து மணிக்குத் திரையில் இருவர் வந்தார்கள். ஒரு தமிழ்ப் பெண்மணி, ஒரு வயதான சிங்களக் கனவான். ரஞ்சி வணக்கம் என்றாள். அந்தப் பெண்மணி பதில் வணக்கம் சொல்ல வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றுவிட்டார்.

நான் ரவுட்டரைத் தட்டினேன். ஜன்னலில் வைத்தேன். அணைத்துப் போட மட்டும் துணிவு வரவில்லை. ஏணி வைத்துக் கூரையேறி, அன்ரெனாவைப் பிடுங்கி எட்டுத் திசைக்கும் காட்டினேன். ஒழுங்கையால் போன ஒருவர் அண்ணாந்து பார்த்து, “அண்ணை, உதிலை நிண்டால் தேர் தெரியுமோ?” என்று கேட்டார். ஒன்றும் தெரியாது என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய உண்மை அதுதான்.

இறங்கி உள்ளே வந்தேன். ரஞ்சி அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“காத்து நிறையாது எண்டனீங்கள்” என்றாள் மெதுவாக.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். “காத்து ஒண்டும் நிறையேல்லை. உந்தக் கொழும்பு ஆக்களுக்குத்தான் மிசின் பாவிக்கத் தெரியேல்லை” என்றேன், வகுப்பில் கடைசி வாங்குக்கும் கேட்கிற குரலில். அதோடு இணைப்பு முழுதாக அறுந்தது.

ரஞ்சி கைப்பையைத் திறந்தாள். தகுதியற்ற சிம்மைத் தன் தொலைபேசியில் போட்டாள். ஒரேயொரு கோடு, ஆனால் அதில் வேறு ஒருவரும் இல்லை. அரை மணித்தியாலம் அவகாசம் கேட்டுக் கம்பனிக்குத் தகவல் அனுப்பினாள், சம்மதம் என்று பதிலும் வந்தது. “புங்குடுதீவுக் கரைப் பக்கம் போகப் போகக் கோடு கூடும். குடையை எடுங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்குதுறைக்கு நடந்தாள்.

தேரன்று காலையில் வருகிற படகில் கால் வைக்க இடமிராது, திரும்பிப் போகிற படகில் ஆளிராது. எங்களுக்கென்று முழுப் படகு. நடுக்கடலில் கோடு மூன்றானது. ரஞ்சி ஓட்டியிடம் கால் மணித்தியாலம் எஞ்சினை நிறுத்த முடியுமா என்று கேட்டாள். தேரன்றைக்கு நிப்பாட்டச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்று சொல்லிவிட்டு, மனிதர் நிறுத்தியும் விட்டார். எதிரே சனம் நிறைந்த படகுகள் எங்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு போயின. நான் குடை பிடித்தேன்.

படமும் குரலும் பளிச்சென்று வந்தன. அந்தப் பெண்மணி பேசியதும் எங்கள் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டது.

“வீட்டிலை நீங்கள் இருக்கேக்கை உங்கடை படம்தான் எங்களுக்கு வரேல்லை. கதைச்சதெல்லாம் கேட்டது” என்றார். “கடைசியா உங்கடை அவர் எங்களைப் பற்றி ஒரு வசனம் சொன்னவர். அதைச் சிங்களத்திலையும் இங்கிலிசிலையும் சொல்லுங்கோ பாப்பம்.”

ரஞ்சி திரும்பி என்னைப் பார்க்கவில்லை. முதலில் சிங்களத்தில் சொன்னாள், பிறகு ஆங்கிலத்தில். ஒரு சொல் விடவில்லை, ஒரு சொல் கூட்டவில்லை, கேட்கிறவர் மனம் நோகாமல் இருக்க எதையும் மெழுகவும் இல்லை. நான் சொன்ன திமிர் அப்படியே இரண்டு மொழியிலும் இறங்கியது. சிங்களக் கனவான் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கடலில் குதிக்கலாம் போல இருந்தது. குடையை யார் பிடிப்பது என்று யோசித்துத்தான் நின்றேன். ஆனால் அந்த அவமானத்துக்கு நடுவிலும், இவ்வளவு கெட்டிக்காரியை ஆறு வருடம் குசினிக்குள் வைத்திருந்தோமே என்று நெஞ்சு சுட்டது.

வேலை கிடைத்தது. இப்போது எங்கள் கூரையில் மூன்றாம் கம்பனி; அன்ரெனாவைப் புங்குடுதீவுப் பக்கம் திருப்பியதும் அதற்கும் கோடு கூடிவிட்டது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களைத் தேர்வு செய்வதும் ரஞ்சிதான். அவர்களுக்கு முதலில் கொடுக்கிற சோதனை வசனம் இன்றுவரை மாறவில்லை. என்னை ஒருநாளும் கண்டிராத எத்தனையோ பேர் கண்டியிலும் காலியிலும் மட்டக்களப்பிலும் இருந்து என் திமிரை மொழிபெயர்த்துச் சம்பளம் எடுக்கிறார்கள்.

போன மாதம் இணையக் கம்பி இழுப்பதற்கு இடம் பார்க்க என்று இரண்டு பேர் ஊருக்கு வந்தார்கள். எனக்குக் கை துருதுருத்தது. புதுக் கொப்பி ஒன்றை எடுத்து முதல் பக்கத்தில் கோடு போட்டேன். மகள் எட்டிப் பார்த்தாள். காற்று ஒன்றும் நிறையவில்லை என்று தொடங்கி, அந்த வசனத்தை மூன்று மொழியிலும் பிழையில்லாமல் சொல்லி முடித்தாள். நான் கொப்பியை மூடி வைத்தேன்.