முதல் நோட்டீஸ் எங்கள் வீட்டுக்கு

பெற்ற அப்பாவை ஊர் பார்க்கக் காட்டிக்கொடுத்த மகள்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் இருக்கிறேன். காட்டிக்கொடுத்ததும் ரகசியமாக இல்லை. கல்யாண மண்டபத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, எட்டடித் திரையில், கலர்ப் படமாக.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கோயம்புத்தூரில் வரைபடப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டுச் சங்கரன்கோவிலுக்குத் திரும்பியிருந்தேன். நகராட்சிக்கு வேலை செய்துகொடுக்கிற ஒரு தனியார் நிறுவனத்தில் ஒப்பந்த வேலை. டிரோனைப் பறக்கவிட்டு ஊரைப் படமெடுக்க வேண்டும். அந்தப் படத்தைப் பழைய சொத்துவரிப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். பதிவேட்டில் இல்லாத கட்டடம் எங்கே இருந்தாலும் கம்ப்யூட்டர் அதைச் சிவப்பாகக் காட்டும். அவ்வளவுதான் வேலை. (விசிட்டிங் கார்டில் மட்டும் ‘புவிசார் தகவல் வல்லுநர்’ என்று போட்டிருந்தார்கள். அம்மா அதை வாசித்துவிட்டு, “இது என்னட்டி, சீக்குக்குப் பேரு வச்ச மாதிரி இருக்கு” என்றாள்.)

எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு கோமதி உண்டு. அதனால் நான் ‘கண்டக்டர் மக கோமதி’. அப்பா முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்க மறந்துவிட்டான் என்பதற்காகச் சொந்த மைத்துனனையே சிவகிரி வண்டியிலிருந்து பாதி வழியில் இறக்கிவிட்டவர். அந்த மாமா அப்புறம் ரெண்டு பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அப்பா அதற்காக வருத்தப்பட்டதாகவும் எனக்கு ஞாபகம் இல்லை.

அப்படிப்பட்டவருக்கு என் வேலை பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன? டீக்கடை, பூ மார்க்கெட், சலூன் என்று போகிற இடமெல்லாம், “எம் மக ஆகாசத்துல இருந்து ஊரை அளக்கா. இனி ஒரு பய தப்ப முடியாது” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஊர்க்காரர்கள் அப்பாவுக்குத் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்துக் கவலைப்பட்டார்கள்.

மக்களுக்கு விளக்கிச் சொல்லாமல் ஒரு வரி நோட்டீஸ்கூடப் போகக் கூடாது என்று நகராட்சி ஆணையர் அம்மா சொல்லிவிட்டார். அதற்காக ஒரு காலை வேளையில் மண்டபத்தில் கூட்டம் ஏற்பாடானது. கவுன்சிலர்கள், வியாபாரிகள், வீட்டுக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். அவர்கள் ஒத்துக்கொண்டால் திட்டம் ஓடும். முரண்டு பிடித்தால் திட்டம் நிற்கும், கூடவே என் வேலையும் நிற்கும். விளக்கிப் பேச வேண்டிய ஆள் நான்.

ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினேன். மண்டபம் இருந்த வார்டுக்கான ஒப்பீடு முந்தின நாள் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது. எங்கள் வீடும் அந்த வார்டுதான். அதைத் திறந்து ஒருதடவை பார்ப்பதா, பட்டுப்புடவைக்குப் பொருத்தமான ஜாக்கெட்டைத் தேடுவதா என்ற நிலைமை வந்தபோது, வல்லுநர் ஜாக்கெட்டைத் தேடப் போய்விட்டார்.

மறுநாள் அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பழைய டிரைவர், கண்டக்டர்கள் பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். நான் மேடை ஏறும்போது, “ஏட்டி, கடைசி சீட்டுக்காரனுக்கும் கேக்கணும்” என்றார்.

கேட்கும்படிதான் பேசினேன். “இந்த டிரோன் வேண்டியவர், வேண்டாதவர் பார்க்காது. சொந்தபந்தம் பார்க்காது. சிவப்பாகத் தெரிகிற ஒவ்வொரு வீடும் இந்த ஊரை ஏமாற்றுகிற வீடு” என்றேன். (‘ஏமாற்றுகிற’ என்ற சொல்லை ஆணையர் அம்மா எழுதிக்கொடுக்கவில்லை. கண்ணாடி முன்னால் நானாகச் சேர்த்தது.) அப்பாவின் நண்பர்கள் கைதட்டினார்கள்.

நடு வரிசையில் இருந்து ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி எழுந்தார். “ஏம்மா, மேல இருந்து பாத்தா எல்லா மொட்டமாடியும் ஒண்ணு போலத்தான இருக்கும்? எப்படிக் கண்டுபிடிக்கிய?”

இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்த்த மகேஷ் மண்டபத்து மாடியில் டிரோனோடு தயாராக நின்றான். திரையில் வரைபடத்தை விரித்து, மண்டபத்துக்குப் பக்கத்திலிருந்த சிவப்பு ஒன்றின்மேல் அம்புக்குறியை வைத்தேன். “பாருங்கள் அண்ணாச்சி. பதிவேட்டில் இந்த வீட்டுக்குத் தரைத்தளம் மட்டும்தான். ஆனால் மாடியில் ஒரு முழு அறை நிற்கிறது. எத்தனை வருஷமாக இப்படியோ. நேரிலேயே காட்டுகிறேன்.” போனில் மகேஷிடம், “நல்லாத் தாழ்வாப் போங்க” என்றேன்.

டிரோன் தாழ்ந்தது. திரையில் நீலத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. பழைய சேலையில் வரிசை வரிசையாகக் கூழ்வற்றல் தெரிந்தது. பக்கத்தில் நைட்டியும் தோளில் துண்டுமாக ஒரு அம்மாள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல் நிதானமாக வந்தது. “ஏலே, அது நம்ம கண்டக்டர் வீடுல்லா.”

எங்கள் வீடுதான். ஊரில் இருக்கிற நாளெல்லாம் அந்த அறையில் படுத்துத் தூங்கியவள் நான்தான். நான் பிளஸ் டூ படிக்கும்போது, கீழே டிவிச் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்று அழுதேன். ஒரே மாதத்தில் அப்பா கொத்தனாரைக் கூட்டிவந்து கட்டின அறை அது. ஊர் முழுக்க மாடிமாடியாகத் தேடினவளுக்குத் தன் தலைக்கு மேலே இருந்த கூரை பதிவேட்டில் இருக்கிறதா என்று ஒருநாளும் தோன்றவில்லை.

இதற்குள் அம்மா, வற்றலைத் தூக்கப் பெரிய காக்கா ஒன்று வந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள். துணி காயப்போடுகிற கம்பை எடுத்தாள். நான் போனில் “மேல தூக்குங்க, மேல தூக்குங்க” என்று கதறினேன். மகேஷைவிட அம்மா வேகம். திரையில் கம்பு பெரிதாகிக்கொண்டே வந்தது. பிறகு வானம், பக்கத்து வீட்டுச் சுவர், மறுபடி வானம். டிரோன் வற்றலின் மேல் மல்லாக்க விழுந்து கிடக்க, அம்மாவின் முகம் எட்டடி உயரத்துக்குத் திரையை நிறைத்தது. ஏதோ பேசினாள். சத்தம் வரவில்லை, தேவையும் இல்லை. அந்த வாயசைவைத் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த யாரும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடலாம்.

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. பாத்திரக்கடை அண்ணாச்சி மட்டும் சிரிக்காமல் நின்றார். “சரிம்மா. கண்டக்டர் வீட்டுக்கும் நோட்டீஸ் உண்டா, இல்ல எங்களுக்கு மட்டும்தானா?”

சிரிப்பு நின்றுபோனது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஆணையர் அம்மாதான் எழுந்து வந்து மைக்கை வாங்கினார். “தாங்களாக வந்து சொல்பவர்களுக்கு நோட்டீஸ் கிடையாது. ஒரு மாதம் அவகாசம் தருகிறோம். ஐயாவும் அப்படியே எழுதிக்கொடுத்துவிடலாம்” என்றார். அப்பா மானத்தோடு வெளியே வருவதற்கு அவர் நல்ல மனசோடு திறந்துவிட்ட வழி அது.

அப்பா எழுந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. ஆனால் குரல் பஸ்ஸில் ஊர்ப்பெயர் சொல்லுகிற அதே குரல்.

“அம்மா, அந்த ரூம்பு நான் கட்டுனதுதான். பிள்ளை படிக்கதுக்குக் கட்டுனேன். எழுதிக் குடுக்கணும்னு தெரியும். இன்னைக்குப் போவோம், நாளைக்குப் போவோம்னு இருந்துட்டேன். தப்புதான். ஆனா நானா வந்து சொன்னேன்னு எழுதாதிய. செக்கிங் ஏறுன பொறவு டிக்கெட் கேட்டவனுக்கு நான் ஒருநாளும் குடுத்ததில்ல. எனக்கு நோட்டீஸ்தான் வரணும். அதுவும் முத நோட்டீஸா வரணும்.”

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஏட்டி, அளவைச் சரியாப் போடு. படிக்கட்டையும் சேத்து.”

முதலில் கைதட்டினது யார் என்று தெரியாது. எனக்குக் கண் மறைத்தது. அவமானத்தில் வந்த கண்ணீர் எது, பெருமையில் வந்தது எது என்று பிரித்துப் பார்க்க எந்த வல்லுநராலும் முடியாது. கைதட்டல் ஓய்ந்ததும் பாத்திரக்கடை அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். “எங்க குடோனுக்குப் பின்னால ஒரு தகரச் செட்டு கெடக்கும்மா. அதுக்கு எந்தப் பாரத்துல எழுதணும்?”

மறுநாள் அலுவலக வாசலில் வரிசை நின்றது. கண்டக்டரே ஒத்துக்கிட்டாரு, நமக்கு என்ன என்று மாடி அறை, பின்கட்டு, கடை முகப்பு எல்லாவற்றையும் ஜனங்கள் தாங்களாக எழுதிக்கொடுத்தார்கள். டிரோன் அந்த மாதம் முழுக்க ரிப்பேரில் கிடந்தது. எங்கள் திட்டம் நன்றாக நடந்தது அந்த மாதத்தில்தான்.

வீட்டில் அம்மாவுக்கு வரியைப் பற்றிக் கவலையே இல்லை. “நாலு நாள் பாடு. பூரா வத்தலும் நொறுங்கிப்போச்சு” என்பதுதான் அவள் வழக்கு. மேலே என்ன சத்தம் கேட்டாலும் இன்றைக்கும் கம்பைத் தேடுகிறாள்.

நோட்டீஸை அச்சடித்து நானே அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அளவை வரிவரியாகச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். வரியைக் கட்டிவிட்டு வருகிற வழியில் நோட்டீஸை லேமினேஷன் செய்து, கூடத்தில் தன் பணிநிறைவுப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவார்.

வாசுதேவநல்லூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் காட்டினார். “எனக்கே நோட்டீஸ் குடுத்தவ இவ. நாளைக்கு உங்களுக்கும் குடுப்பா. யோசிச்சுச் சொல்லுங்க” என்றார். காபி டம்ளரோடு நின்ற எனக்கு, இந்தச் சம்பந்தம் போச்சு என்று தோன்றியது. மாப்பிள்ளையின் அப்பா நோட்டீஸைக் கையில் வாங்கி, நெடுநேரம் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் அவர் தன் ஊர் அலுவலகத்துக்குப் போய், பின்பக்கம் கூட்டிக் கட்டியிருந்த சமையலறையைப் பதிவுசெய்து ரசீது வாங்கிவிட்டு வந்தார். இப்போதும் விருந்தாளிகள் வந்தால் என்னைக் காட்டி மாமனார் சொல்லுகிற முதல் வார்த்தை இதுதான்: “எல்லாரும் மருமக வாரான்னா வீட்டுக்கு வெள்ளையடிப்பாவ. நாங்க வரி கட்டுனோம்.”