காயமே ஆகாத நாடு

குழந்தைகளுக்கு உலகிலேயே பாதுகாப்பான நாடு நம்முடையதுதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, அட்டவணை சொல்கிறது. அட்டவணையைத் தயாரித்தவன் நான்.

கடைப் பொருள்களால் குழந்தைகளுக்கு ஏற்படும் காயங்களை நாடுவாரியாக ஒப்பிடுவது அரசுத் துறையில் எங்கள் பிரிவின் திருப்பணி. மற்ற நாடுகளின் நிலை பரிதாபம். ஒன்றில் ஆண்டுக்குப் பத்தாயிரம், இன்னொன்றில் இருபதாயிரம். பொம்மையால், கட்டிலால், கெட்டிலால் என்று வெட்கமில்லாமல் எழுதிவைத்திருக்கிறார்கள். நம் கணக்கு: பூஜ்யம்.

சென்ற மாதம் ஒரு தையற்காரப் பெண் வந்தார். பாட்டுப் பாடும் வாத்து பொம்மையிலிருந்த பொத்தான் பேட்டரியை அவருடைய இரண்டு வயது மகள் விழுங்கிவிட்டாளாம். தொண்டை வெந்துபோய், மூக்கில் வைத்த குழாய் வழியாகத்தான் பால் இறங்குகிறதாம்.

"சார், அந்த வாத்தைக் கடையில இருந்து எடுக்கச் சொல்லுங்க. எங்க தெருவுலயே நாலு வீட்ல இருக்கு."

"பொருளால காயம்னு பதிவானாத்தான் எடுக்க முடியும்மா."

"பதிவு பண்ணுங்க."

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையே."

படிவத்தை அவர் பக்கம் திருப்பினேன். 'காரணம்' என்பதன் கீழ் மூன்றே கட்டங்கள்: தாயின் கவனக்குறைவு, தந்தையின் கவனக்குறைவு, குழந்தையின் குறும்பு.

"பேட்டரி மூடிக்கு ஒரு ஸ்க்ரூ கூட இல்ல சார். கீழ போட்டா திறந்துக்குது."

"அப்ப நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"மெஷின்ல. பின்ன, வாத்துக்குக் காவலா உட்காருவாங்க?"

பக்கத்து மேஜை எழுத்தர் ஆறுதலாகச் சொன்னார்: "வெளிநாட்டுக்குப் போற வாத்துல ஸ்க்ரூ இருக்கு அக்கா. அங்கதான் காயமெல்லாம் ஆகுதே."

"இங்க?"

"இங்கதான் ஆகறதே இல்லையே!"

பதிவான படிவம் இல்லாமல் ஆஸ்பத்திரியில் மகளின் அடுத்த அறுவைக்கு நாள் கொடுக்க மாட்டார்கள். அவர் முதல் கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டார். நாட்டின் பூஜ்யம் காப்பாற்றப்பட்டது.

உலக மாநாட்டில் அட்டவணையை வாசித்தேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வெளிநாட்டு டாக்டர் அம்மா ஒருவர் மட்டும் கைதட்டாமல் பின்னிணைப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"பொம்மைகளால காயம் பூஜ்யம். தாய்மார்களால காயம் முப்பத்தோராயிரம். இவ்வளவு ஆபத்தான தாய்மார்களை ஏன் இன்னும் புழக்கத்துல விட்டுவெச்சிருக்கீங்க?"

அருமையான யோசனை என்று நன்றி சொன்னேன். திரும்பி வந்ததும் கோப்பு திறந்துவிட்டோம். முதல் நோட்டீஸ் அந்தத் தையற்காரருக்குப் போயிருக்கிறது.