செல்லத்துரை ஐயாவின் வீட்டில் ஊசி

உயிரோடு இருந்த ஒரு மனிதரை நான் ஊரறியச் சாகடித்திருக்கிறேன். அதுவும் அரசாங்க வேலையில் இருந்துகொண்டு.

அறுபதுகளில் வடமராட்சிப் பக்கம் ஒரு பட்டினசபையில் நான் தற்காலிக எழுதுவினைஞன். ஆசையோ வானொலி அறிவிப்பாளர் ஆவது. வானொலியில் மரண அறிவித்தல் கேட்டுக் கேட்டு, அதே இழுவையில் கிணற்றடியில் நின்று வாசித்துப் பழகுவேன் (பக்கத்து வீட்டார் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்ததும் உண்டு).

அந்த மாரிமழைக் காலத்தில் வாந்திபேதிப் பயம். தடுப்பூசிக்கு ஏற்பாடாயிற்று. ஊசி போட்டால் காய்ச்சல் வருமென்று முதல் நாள் ஒரு சனமும் வரவில்லை. சபைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"குரல் இருக்கெண்டு பெரிய கதை கதைக்கிறீர். காரிலை போய் அறிவியும். நாளைக்கும் சனம் வராட்டில் நீரும் வரவேண்டாம்."

சபை மண்டபம் ஒழுகியதால் ஊசி போடும் இடம் சுகாதாரப் பரிசோதகர் செல்லத்துரையின் வீடு. நெல்லியடியில் வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கியைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். "சுகாதாரப் பரிசோதகர் செல்லத்துரை அவர்களின் இல்லத்தில், நாளை காலை பத்து மணியளவில்..." என்று உருக்கமாகத் தொடங்கினேன். நடுவில் ஊசியைப் பற்றியும் சொன்னேன்தான். ஆனால் கார் ஓடிக்கொண்டிருந்தது. தலை கேட்ட வீட்டுக்கு வால் கேட்காது. முடிக்கும்போது, மரண அறிவித்தல் வாசித்த பழக்கதோஷத்தில், "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்" என்றேன். ஒவ்வொரு தெரு முடக்கிலும் என்றேன்.

மறுநாள் போனால், அவர் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் முகப்பில் யாரோ செத்தவீட்டு வெள்ளைக் கொடி கட்டியிருக்கிறார்கள். வெள்ளை வேட்டியில் ஊரே நிற்கிறது. ஐயோ, மனிதர் போய்விட்டாரோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றிவிட்டது (என் அறிவித்தலை நானே நம்பிய இடம் இது).

பரிசோதகர் பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு வெளியே வந்தார்.

"ஆர் செத்தது?"

"நீங்கள்தான் ஐயா," என்றார் முன்னால் நின்றவர், மரியாதையாக.

மனிதர் என்னைத்தான் பார்த்தார். வேலை போயிற்று என்று முடிவுகட்டிவிட்டேன். அவரோ நேரே போய் வாசல் படலையைப் பூட்டினார். செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு போவதில்லை என்பது எங்கள் வழக்கம். அந்தச் சாட்டில் நழுவப் பார்த்தவர்களையும் மறித்தார்.

"எனக்காண்டி வந்தனீங்கள். சும்மா போகக்கூடாது. சட்டைக் கையை மடியுங்கோ."

நண்பகலுக்குள் ஊசி மருந்து முடிந்துவிட்டது. என் வேலை நிரந்தரமாயிற்று. "இந்தாங்கோ, உங்கடை கொடி" என்று வெள்ளைத் துணியை அவிழ்த்து என் கையில் திணித்த அவர் மகளும் பிற்பாடு நிரந்தரமானாள். இப்போதும் வீட்டில் நான் தொண்டையைச் செருமினால் போதும், மனைவி பிள்ளைகள் எல்லாம் சட்டைக் கையை மடிக்கிறார்கள்.

பல வருடம் கழித்து மாமா உண்மையாகவே காலமானார். நான்தான் காரில் போய் அறிவித்தேன். அந்த மனிதர் எனக்குத் தகப்பன் மாதிரி. குரல் உடைந்து, இரண்டு இடத்தில் காரை நிறுத்தி அழுதேன். திரும்பி வந்து வாசலில் நின்றபோது, முதலாவதாக ஒரு கிழவர் வந்தார். படலையைத் தாண்டாமல் நின்றே கேட்டார்:

"தம்பி, இந்தமுறை எந்தக் கையிலை?"